நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு பாட்டு

1. இரண்டு விமர்சனங்கள்

தேவகி அக்காவும் ஹரிஷும் சேர்ந்து செய்த ஆல்பத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு விமர்சனங்கள் வந்தன. ஒன்று புகழ்ந்தது. மற்றது திட்டியது. எட்டுப் பாட்டு உள்ள ஆல்பத்தில் இரண்டு பேருமே ஆறாவது பாட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தார்கள். அந்தப் பாட்டு அப்படி ஆனதற்குக் காரணம் நான். விமர்சனங்கள் வரும்வரை அது எனக்கே தெரியாது.

ஒலித் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். என் படிப்பு தொடக்கப்பள்ளியோடு முடிந்தது. தொழிலைக் கேபிள் சுற்றிச் சுற்றித்தான் கற்றுக்கொண்டேன். தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் கடை. கல்யாணம், நடனப் போட்டி, சமூக மன்ற நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர், மைக் வாடகைக்குக் கொடுப்போம். கடையின் பின்பக்கம் சின்ன ரெக்கார்டிங் அறை ஒன்று இருக்கிறது. முதலாளி ராஜு அண்ணன். நிகழ்ச்சிக்குப் போகும் டிஜிட்டல் மிக்சரும் ரெக்கார்டிங் அறையில் இருக்கும் மிக்சரும் ஒன்றேதான். காலையில் வேனிலிருந்து இறக்கி மேசையில் வைத்தால் அது ஸ்டுடியோ மிக்சர்.

தேவகி அக்கா முப்பது வருடமாகக் கல்யாண மேடைகளில் பாடுகிறவர். ஐந்தரைக் கட்டை சுதியில் பாடுவார்; கட்டை எண் கூடினால் குரல் உயரும், குறைந்தால் இறங்கும். கச்சிதமான, கூர்மையான குரல். ஹரிஷுக்கு இருபத்தேழு வயது. புக்கிட் பாத்தோக்கில் தன் படுக்கையறையிலேயே கம்ப்யூட்டர் வைத்து இசை அமைப்பவன். ஒரு கல்யாணத்தில் அக்கா பாடியதைக் கேட்டுவிட்டு, "உங்க சொந்தப் பாட்டா ஒரு ஆல்பம் செய்யலாம்க்கா" என்று அவனாகவே வந்து கேட்டான்.

வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இசை ஓட விட்டு அதன்மேல் பாடுவது அக்காவுக்குப் பிடிக்காது. ஹெட்ஃபோனில் தம்புரா ஒலி மட்டும் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தனியாகப் பாடுவார். தம்புரா அவர் காதுக்குள்ளேயே நின்றுவிடும், பதிவாகாது. வெறும் குரலை நான் ஹரிஷுக்கு அனுப்புவேன். அவன் வீட்டிலிருந்தபடி அதைச் சுற்றி இசை கட்டுவான். ஒரு பதிவுக்கும் அவன் வந்ததில்லை. அக்கா அவன் வீட்டுக்குப் போனதில்லை. இரண்டு பேருக்கும் நடுவே நின்றது நான் அனுப்பிய ஃபைல்தான்.

ஆறாவது பாட்டு, இறந்துபோன அம்மாவின் வீட்டைக் காலி செய்யும் ஒரு மகள் பாடுவது. ஆல்பத்தில் அந்தக் குரல் கனமாக, கொஞ்சம் களைத்துப்போய், அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல் இருக்கும். ஹரிஷ் ஏதோ செய்திருக்கிறான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இணையத்தில் இசை பற்றி எழுதும் ஓர் இளம்பெண், 'இதுவரை யாரும் கேட்டிராத தேவகி' என்று தலைப்புப் போட்டிருந்தார். தன் குரலின் அழகை விட்டுக்கொடுத்து இவ்வளவு கீழே இறங்கிப் பாட ஒரு பாடகிக்குத் துணிச்சல் வேண்டும் என்று எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் எழுதியவர் திரு. குலசிங்கம். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கர்நாடக சங்கீதம் தெரிந்தவர். அவர் எழுதியது: 'நல்ல குரல் ஒன்றை எந்திரத்தில் போட்டு அரைத்துவிட்டார் இந்த இளைஞர்.'

2. இருபத்திரண்டு விநாடி

திங்கட்கிழமை ஹரிஷ் போன் செய்தான்.

"அண்ணே, பேப்பர் பாத்தீங்களா? மெஷின்ல அரைச்சிட்டேனாம்."

"பாத்தேன்பா."

"நான் வாய்ஸ டச் பண்ணவே இல்லண்ணே, சீரியஸா. அக்கா அப்படித்தான் பாடி அனுப்புனாங்க. சுதிகூட நாலரைக்கும் அஞ்சுக்கும் நடுவுல எங்கயோ நின்னுச்சு. சோகத்துல தம்புரா வேணாம்னு விட்டுட்டாங்க போலன்னு, என் கீபோர்ட இறக்கி அவங்களுக்கு மேட்ச் பண்ணேன். கேட்டா தப்பா நெனச்சிப்பாங்கன்னு கேக்கல."

அவனுக்கு ஏதோ ஆறுதல் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் 'நடுவுல' என்று அவன் சொன்னது மனதில் தங்கிவிட்டது. அக்கா தம்புரா இல்லாமல் பாடவில்லை. அன்று ஹெட்ஃபோனை மாட்டிவிட்டதே நான்தான். தம்புராவை ஐந்தரைக் கட்டையில் வைத்தேன். அது காதில் ஒலிக்கும்போது, எந்தக் கட்டையிலும் சேராமல் குரல் எப்படி நடுவில் நிற்கும்?

செவ்வாய்க்கிழமை பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். நடனப் போட்டிகளில் ஒவ்வொரு குழுவுக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. அந்த வேலை செய்து செய்து, யார் பாடினாலும் ஸ்டாப்வாட்ச் அமுக்கி நேரத்தை எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு. ஆறாவது பாட்டுக்கு நான்கு நிமிடம் பத்து விநாடி என்று எழுதியிருந்தேன். கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்தால் நான்கு நிமிடம் முப்பத்திரண்டு விநாடி காட்டியது.

இருபத்திரண்டு விநாடி அதிகம். நோட்டில் முந்தின நாள் பக்கத்தைப் புரட்டினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிஜிட்டல் ஒலி என்பது ஒரு விநாடியைப் பல ஆயிரம் துண்டுகளாக வெட்டி வைப்பது. எங்கள் ரெக்கார்டிங் அறையில் நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டு. வீடியோ எடுப்பவர்களோடு வேலை செய்தால் நாற்பத்தெட்டாயிரம். அந்தப் பதிவுக்கு முந்தின நாள் ஒரு வீடியோ நிகழ்ச்சி. மிக்சரை நாற்பத்தெட்டில் வைத்து வேலை செய்தோம். மறுநாள் அதை அப்படியே மேசையில் வைத்தேன், திரும்ப மாற்றவில்லை. மிக்சர் நாற்பத்தெட்டாயிரமாக வெட்டிக் கொடுத்தது. கம்ப்யூட்டர் அதற்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு என்று பெயர் எழுதிக்கொண்டது. அங்கேயே போட்டுக் கேட்டால் அதே மிக்சர் அதே வேகத்தில் ஓட்டும், தவறு தெரியாது. வேறு வீட்டில், வேறு கம்ப்யூட்டரில் ஓட்டினால் பாட்டு மெதுவாகும், குரல் இறங்கும்.

யாரும் கேட்டிராத தேவகி அப்படிப் பிறந்தவர்தான்.

ராஜு அண்ணனிடம் சொன்னேன். அவர் ரொட்டி பிராட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"நமக்கு மட்டும்தான்ணே."

"அப்ப வாய மூடிட்டு இரு லா. ஒருத்தவங்க நல்லா இருக்குன்னு எழுதிட்டாங்க, ஒருத்தர் நல்லா இல்லன்னுட்டாரு. எல்லா பாட்டுக்கும் அப்படித்தான் எழுதுவாங்க. நீ போய் ஒளறுனா, இந்தக் கடைக்குப் பொம்பள குரல குடுத்தா ஆம்பள குரலா வரும்னு ஊரு பூரா பேசும்."

எனக்கு அது வசதியாக இருந்தது. பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் சுலபம்.

3. வியாழக்கிழமை

வியாழக்கிழமை தேவகி அக்கா ஒரு கல்யாணத்துக்கு வயர்லெஸ் மைக் வாங்க வந்தார். நான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"படிச்சியா தம்பி?"

"படிச்சேன்க்கா."

"அரைச்சிட்டான்னு எழுதினாரே, அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. அந்தப் பொண்ணு எழுதினதுதான் தாங்கல. முப்பது வருஷமா பாடுறேன், ஒருத்தரும் ஒரு வரி எழுதுனதில்ல. இப்ப ஒரு பக்கம் எழுதிருக்காங்க. எந்தப் பாட்டப் பத்தி? என் குரலே இல்லாத பாட்டப் பத்தி."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் பேட்டரி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆல்பம் வந்தப்பவே தெரிஞ்சுது. கம்ப்யூட்டர்ல ஏதோ ஸ்டைல் பண்ணிருக்கான், கேட்டா பழைய காலத்துப் பொம்பளன்னு நெனப்பான்னு விட்டுட்டேன். என் குரல் பிடிக்கலன்னா வேற ஆள வச்சுக்கட்டும். அடுத்த ஆல்பம் நான் இல்ல. சனிக்கெழம கூட்டம் இருக்குல்ல, அங்க சொல்லிட்டு வந்துடுறேன்."

சொல்ல வேண்டிய வார்த்தை என் வாய்வரை வந்தது. மைக்கைப் பெட்டியில் வைத்து அவரிடம் கொடுத்தேன். "சார்ஜ் ஃபுல்லா இருக்குக்கா" என்று மட்டும் சொன்னேன்.

4. சமூக மன்றத்து மாடி அறை

உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் இசை ரசிகர்கள் சிலர் புதிய ஆல்பங்களைக் கேட்டுக் கலந்துரையாடுவார்கள். சனிக்கிழமை மாலை நாலு மணிக்குத் தொடங்கும். மைக், ஸ்பீக்கர் எங்கள் கடையுடையது. மார்சிலிங்கில் என் வீட்டிலிருந்து பக்கம் என்பதால் எப்போதும் நான்தான் போவேன்.

நாற்பது பேர் இருப்பார்கள். முன்னால் போட்டிருந்த மேசையில் அக்காவும் ஹரிஷும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹரிஷ் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

திரு. குலசிங்கம் எழுந்து மேடைத் தமிழில் கேட்டார். "எனக்கு ஒரேயொரு கேள்விதான். ஆறாவது பாடலில் சுதியை இறக்கியது யாருடைய முடிவு? பாடகியுடையதா, இசையமைத்தவருடையதா? நான் எழுதியது தவறென்றால் அதே பத்திரிகையில் திருத்தி எழுதுகிறேன்."

"தம்பியத்தான் கேக்கணும்" என்றார் அக்கா.

"நீங்க பாடுனத அப்படியேதான் வச்சேன்க்கா."

"நான் அப்படிப் பாடல."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"நான் பொய் சொல்றேன்னு வச்சுக்க."

ஹரிஷின் முகம் சிவந்துவிட்டது. அக்கா கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு நிமிடத்தில் எழுந்து போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

என் மேசையிலும் ஒரு மைக் இருந்தது. அதை ஆன் செய்தேன். வாயைத் திறந்தால் பழக்கத்தில் "ஒன், டூ" என்று வந்துவிட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள்.

"முடிவு யாருதும் இல்ல. என் மிஸ்டேக். மிக்சர நாப்பத்தெட்டுல விட்டுட்டேன். பாட்டு ஸ்லோவாயிடுச்சு. அக்கா ஒழுங்காத்தான் பாடுனாங்க. ஹரிஷ் எதையும் தொடல."

மேசையில் இருந்த லேப்டாப்பைத் திறந்தேன். "அக்கா பாடுனத சரியான வேகத்துக்கு மாத்தி இதுல கொண்டுவந்திருக்கேன். ஓட்டட்டுமா?" என்றேன்.

"ஓட்டு" என்றார் அக்கா.

இசை எதுவும் இல்லாத வெறும் குரல். நான்கு நிமிடம் பத்து விநாடி. ஐந்தரைக் கட்டையில், அவருடைய அந்தக் கூர்மையான குரலில், ஒரு மகள் அலமாரியைத் திறந்து அம்மாவின் புடவைகளை எண்ணுகிறாள். அக்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். சரணத்தில் ஓர் இடத்தில் தன்னை அறியாமல் தலையாட்டினார்.

முடிந்ததும் திரு. குலசிங்கத்தின் மேடைத் தமிழ் போய்விட்டது. "ஐயோ, அந்தப் பிள்ளைய நான் அரைச்சிட்டான்னு எழுதிட்டேனே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இணையத்தில் எழுதிய பெண்ணும் வந்திருந்தார். "எனக்கு இன்னும் ரிலீஸ் ஆனதுதான் பிடிச்சிருக்கு, ஆன்ட்டி. ஐ ஆம் சாரி" என்றார்.

"பிடிச்சா பிடிச்சிருக்கட்டும்மா. அது என் துணிச்சல்னு மட்டும் எழுதாத. அன்னிக்கு எனக்கு அவ்வளவா துணிச்சல் இல்ல" என்று அக்கா சொன்னார். பிறகு ஹரிஷ் பக்கம் திரும்பினார். "ஏன்டா, ஒரு போன் போட்டு என்னைக் கேக்க வேண்டியதுதானே?"

"நீங்களும் கேக்கலியேக்கா."

ஹரிஷ் நடுவில் இருந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தான்.

5. அதற்குப் பிறகு

கேபிள் சுற்றும்போது அக்கா என்னிடம் வந்தார். தவறுக்காகத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"மெஷின் தப்ப விடு. எனக்கும் மேடையில சுதி தப்பிருக்கு. வியாழக்கெழம நான் உன் முன்னாடி அழுதுக்கிட்டு நின்னேனே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவர் திரும்பி லிஃப்டுக்குப் போய்விட்டார். அதன்பிறகு ஒரு மாதம் மைக் வாங்கக் கணவரைத்தான் அனுப்பினார்.

திரு. குலசிங்கம் திருத்தம் எழுதினார். சரியான குரலுக்கு ஹரிஷ் புதிதாக இசை கட்டி, ஒன்பதாவது பாட்டாகச் சேர்த்தான். ஆறாவதை எடுக்க வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். இன்றும் ஆறாவதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். ராஜு அண்ணன் பயந்ததுபோல் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரெக்கார்டிங் அறைக்குத் தனி மிக்சர் வாங்கினார், அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இரண்டு. பதிவுக்கு முன் மிக்சரிலும் கம்ப்யூட்டரிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தவறு நடந்தால் தெரிந்த அன்றே, யாருக்கு நடந்ததோ அவரிடமே சொல்லுங்கள். முதலாவதை நான் செய்யாததால் ஒரு பாட்டு மெதுவானது. இரண்டாவதைச் செய்யாததால் முப்பது வருடம் பாடிய ஒருவர், தன் குரலை யாருக்கும் பிடிக்கவில்லை என்று நான்கு நாள் கூடுதலாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஆல்பத்தின் வேலை இப்போது நடக்கிறது. பதிவுக்கு ஹரிஷும் வந்து உட்காருகிறான். தேவகி அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடுவதற்கு முன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து ஒவ்வொரு முறையும் கேட்கிறார்: "தம்பி, சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

பெரும்பாலும் "இல்லக்கா" என்பேன். போன வாரம் ஒருநாள் "இருக்குக்கா" என்றேன். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.