முழுப் பேர்

அன்று காலை பொன்முடித் தேயிலைத் தோட்டத்தின் மேல்மலையில் இருந்தவர்கள்: வெளிநாட்டு நிபுணர் ஒருவர், திருவனந்தபுரத்திலிருந்து அவரை ஜீப்பில் கூட்டிவந்த எங்கள் அலுவலக அதிகாரி, மொழிபெயர்க்க நான், தோட்டத்துச் சூப்பர்வைசர், கொழுந்து பறிக்கும் பெண்கள் நாற்பது பேர் போல. அவர்களில் ஒருத்தி என் அம்மா. இல்லாதவர்கள் இரண்டு பேர். மேனேஜர் கொச்சிக்குப் போயிருந்தார். யூனியன்காரர் வரவில்லை; அவருக்கு யாரும் சொல்லவேயில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆசியாவின் பல அரசுகள் கூடி, தங்கள் நாட்டு ஆலைகளிலும் தோட்டங்களிலும் உற்பத்தித்திறனைக் கூட்ட ஒரு பொது ஏற்பாடு வைத்திருந்தன. ஒரு நாட்டு நிபுணர் இன்னொரு நாட்டுக்குப் போய்ச் செய்துகாட்டுவார். பலித்தால் அந்த முறை மற்ற நாடுகளுக்கும் போகும். தொண்ணூறுகளின் கடைசியில், அந்தத் திட்டத்தின் உள்ளூர் வேலைகளைப் பார்த்த நகரத்து அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கரமனையில் அறை எடுத்துத் தங்கி, பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். உற்பத்தித்திறன் என்ற சொல்லை முழுசாக நம்பினேன். பாடு குறையும், விளைச்சல் கூடும், கூலியும் கூடும். இதில் எங்கிருந்து கெடுதல் வரப்போகிறது?

தோட்டத்தில் 'பேர்' என்றால் நாள்கூலி. குறித்த அளவு கொழுந்து எடைக்கு வந்தால் முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். அப்போது அளவு பதினாறு கிலோ. அம்மாவின் வலது மணிக்கட்டு நெடுநாளாக வீங்கிக் கிடந்தது. பதினாறைத் தொடுவதற்குள் அவளுக்கு உயிர் போய்விடும். அப்பா இறந்த பிறகு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடு அவள் வேலையை நம்பித்தான் நின்றது. வேலை போனால் வீடும் போகும். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தங்கை அந்த வீட்டில்தான் இருந்தாள்.

நிபுணர் சோதனைக்கு ஆறு பெண்கள் கேட்டார். சூப்பர்வைசர் காட்டிய ஆறு பேரில் அம்மாவும் இருந்தாள். ஆபீஸ்காரனின் அம்மா என்று எனக்குச் செய்த மரியாதை அது. அதிகாரி தன் பாதி மலையாளம் பாதித் தமிழில் அவர்களிடம், "ஓரோருத்தரா முழுப் பேரு பறயணும்" என்று பெயர் கேட்டார். பெண்கள் சிரிப்பை அடக்கி வாயைப் பொத்திக்கொண்டார்கள். எதிர்வீட்டுச் சித்திதான் பதில் சொன்னாள்.

"முழுப் பேருக்குத்தான சார் இந்தப் பாடு படுதோம். பறிக்கதுக்கு முன்னாடியே போட்டுட்டியள்னா நாங்க வீட்டப் பாக்கப் போயிருவோம்."

மலையே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று நிபுணர் கேட்க, நான் விளக்கினேன்; அவரும் சிரித்தார். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிபுணரின் முறை எளிமையானது. தலையில் கூடைக்குப் பதில் தோளில் பை. எடைபோடக் கீழே கொட்டகை வரை நடக்க வேண்டாம்; தராசு மேலே வரிசை முடியும் இடத்துக்கு வரும். நடை மிச்சம், நேரம் மிச்சம். கெட்டிக்கார மனிதர், நல்லவரும்கூட. வழுக்கும் இடத்தில் பெண்களுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பத்து மணிக்கு மஞ்சு இறங்கியது. அதன்பின் சரிவில் ஆட்கள் தெரியவில்லை, பேச்சுக்குரல் மட்டும் மேலும் கீழுமாகக் கேட்டது. நாங்கள் தராசடியிலேயே நின்றோம்.

சாயங்காலம் மொத்தம் கூட்டினார்கள். ஒருத்திக்கு இருபத்தைந்து, ஒருத்திக்கு இருபத்தேழு. அம்மாவுக்கு இருபத்தாறு. நிபுணர் கைதட்டினார். அதிகாரி என் முதுகில் தட்டினார். நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். அந்த மணிக்கட்டை எனக்குத் தெரியும்.

நான் ஜீப்பில் திரும்பாமல் லயத்தில் தங்கினேன். அம்மா கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். இருபத்தாறு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"எல்லாரும் கை குடுத்தாவ மக்கா. வெளிநாட்டுக்காரன் முன்னாடி நம்ம தோட்டம் தோக்கலாமா? அதும் நீ கூட்டிட்டு வந்த ஆளு."

கை கொடுப்பது தோட்டத்தில் எப்போதும் உண்டு. மாசமான பெண்ணோ காய்ச்சல்காரியோ எடைக்குப் பின்தங்கினால், பக்கத்து வரிசைக்காரிகள் போகிறபோக்கில் ஆளுக்கு இரண்டு கைப்பிடி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். அம்மாவின் பதினாறும் பல நாள் அப்படி நிறைந்ததுதான். அன்று விருந்தாளிக்கு மரியாதையாக மலை முழுக்க அந்த ஆறு பைகளுக்கும் கை கொடுத்திருந்தது. நிபுணர் எழுதிக்கொண்டுபோனது ஆறு பேரின் வேலை அல்ல.

திங்கட்கிழமை அதிகாரியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. அடுத்தவள் கொழுந்தை எடையில் வைப்பது தோட்டத்துச் சட்டப்படி கள்ளம். பிடிபட்டால் வேலை நிற்கும். சூப்பர்வைசர் இத்தனை காலம் கண்டும் காணாததுபோல் இருந்ததால்தான் நடந்துவந்தது.

"நீ வாயத் தொறந்தா நாங்க ஆறு பேரும் கள்ளிக. அப்பறம் இந்த வீடு ஏது? பேசாம இரு மக்கா."

இருந்தும் திங்கட்கிழமை அதிகாரியிடம் சுற்றிவளைத்துப் பேசினேன். ஒரு நாள் எடையை வைத்து முடிவு கட்டக்கூடாது, இன்னொரு தடவை அளக்கலாம் என்றேன்.

"எடோ, ரிப்போர்ட்டு டெல்லிக்குப் போயாச்சு. அவிடந்து மத்த ராஜ்யங்களுக்கும் போகும். இனி அது தெற்று, தப்புன்னு சொன்னா நமக்குத்தான் நாணக்கேடு. திராசு கேடா? இல்லெங்கில் ஆரெங்கிலும் கள்ளம் காட்டியோ? பேரு சொல்லு, திருத்தலாம்."

எந்தப் பேரைச் சொல்வது? தராசு சரிதான் என்று சொல்லிவிட்டு என் மேசைக்குப் போனேன்.

சோதனை பெரிய வெற்றி என்று பாராட்டு வந்தது. பின்னால் எடைக்கணக்கோடு ஒரு பளபளப்பான புத்தகமும் வந்தது. அம்மா தோள்பையோடு சிரிக்கும் படம் அதில் இருந்தது. தோட்டத்துக்கு வந்தது வேறு. ஒரு காலை கொட்டகைச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இனி முழுப் பேருக்கு இருபத்திரண்டு கிலோ. யூனியன்காரர் சண்டைக்குப் போனார். மேனேஜர் அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்து வைத்தாராம். உங்கள் ஆட்களே இருபத்தாறு, இருபத்தேழு பறித்திருக்கிறார்கள், நான் நாலு குறைத்துத்தானே கேட்கிறேன் என்றாராம். யூனியன்காரர் வெளியே வந்து பெண்களிடம், "நெசந்தானா?" என்று கேட்டார். ஆமென்றால் இருபத்திரண்டு நிலைத்துவிடும், இல்லையென்றால் அந்த ஆறு பேரும் கள்ளிகள். எப்போதும் வாய் ஓயாத சித்திகூடத் தரையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கை கொடுப்பது நின்றது. நிறுத்துவோம் என்று யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. அவரவர் இருபத்திரண்டுக்கே அவரவர் கை போதவில்லை. நான் லீவுக்குப் போனபோது மலையில் பேச்சுக்குரல் கேட்கவில்லை. கொழுந்து ஒடியும் சத்தம் மட்டும் மஞ்சுக்குள் வேகவேகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானச் சோற்றை நின்றுகொண்டே தின்றார்கள். சித்தி அம்மாவைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமில்லை, கொடுக்க ஒன்றும் இல்லாததால் பார்க்க முடியவில்லை.

அம்மாவுக்கு அரைப் பேர் விழ ஆரம்பித்தது. முதலில் வாரத்தில் இரண்டு நாள், பிறகு நான்கு, பிறகு எல்லா நாளும். ராத்திரி மணிக்கட்டில் சுடுதண்ணீர்த் துணி சுற்றிக்கொண்டு, நாளைக்குச் சரியாகிவிடும் என்பாள். சூப்பர்வைசர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினார். இப்படியே போனால் மேலிடம் நிறுத்திவிடும், அது கெட்ட பேர். தானாக எழுதிக்கொடுத்து நின்றுகொண்டால் கிராஜுவிட்டிப் பணமாவது கைக்கு வரும் என்றார். அவரும் பயந்திருந்தார். அம்மா கைநாட்டு வைத்தாள்.

வீட்டைக் காலி செய்த அன்று லயத்துப் பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அரை நாள் வேலையை விட்டு நிற்க யாராலும் முடியாது. பாத்திரங்களையும் தங்கையின் புத்தகப் பையையும் பஸ்ஸில் ஏற்றிக் கரமனைக்கு, என் ஒற்றை அறைக்கு வந்தோம்.

அம்மா அந்த மலையில் இருபது வருடம் முழுப் பேர் வாங்கியவள். ஆனால் கிராஜுவிட்டியைக் கடைசி மூன்று மாதக் கூலியை வைத்துத்தான் கணக்கிடுவோம் என்றார்கள். கடைசி மூன்று மாதமும் அரைப் பேர். அதனால் அந்த இருபது வருடமும் பாதிக் கூலியில் எண்ணப்பட்டது. இருபத்தோராயிரம் வர வேண்டிய இடத்தில் வராமல் போனது பத்தாயிரத்து ஐநூறு ரூபாய்.