பெல்ட் கழற்றிய மெஷின்

அந்தக் காலத்து டிவி நாடகம் என்று பேச்செடுத்தால் போதும், தையல்காரிக்கு முகம் மலர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நாடகம். அடுத்த அறையில் படுத்திருக்கும் புருஷனுக்கோ மெஷின் சத்தம் நிற்கவே கூடாது, நின்றால் அடிதான். இவள் லேசுப்பட்டவளா? சக்கரத்திலிருந்து தோல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வெறும் மிதியைக் கடகடவென்று மிதித்துக்கொண்டே, டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்ப்பாள். வாயசைப்பை வைத்தே வசனத்தைப் பிடித்துவிடுவாள்.

ஒரு செவ்வாய், நாடகத்தில் கதாநாயகிக்கு ஓர் அறை விழுந்தது. இவள் பதறிப்போய்க் காலை நிறுத்திவிட்டாள். மறு நிமிஷம் அவன் வந்து நின்றான். தொங்கிய பெல்ட்டைப் பார்த்தான்.

"இத்தனை வருஷமா என்னையா ஏமாத்தினே?"

முடியைப் பிடித்து இழுத்து, நெற்றியை மெஷினில் மோதினான். தைக்க வைத்திருந்த துணியெல்லாம் ரத்தம்.  அடுத்து மெஷினை உடைக்கச் சுத்தியலை ஓங்கினான்.

"அது எங்கம்மா கொடுத்தது. தொடாதீங்க!"

"தொட்டா என்னடி பண்ணுவே?"

மெஷின் பலகைமேல் ஊன்றியிருந்த அவனுடைய இடது கையில், துணி வெட்டும் கத்தரிக்கோலைப் பலகைவரை இறக்கிவிட்டாள். அவன் அலறலில் தெருவே கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் நேராகத் தன் அக்கா வீட்டுக்குப் போனான். அந்த நாத்தனாரே தூது வந்தாள்.

"பதினோரு தையல் போட்டிருக்காங்கடி பாவி! வந்து மன்னிப்புக் கேளு, கூட்டிட்டுப் போ."

"தையல் நேரா இருக்கா அண்ணி? கோணலா இருந்தா ஆளை அனுப்புங்க. பிரிச்சுட்டு நான் போட்டுத் தர்றேன்."

அவன் அப்புறம் இவள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.