உளுந்தங்களியும் சித்தப்பாவின் காலும்

என் சமையல் வீடியோக்களில் முகம் வராது, கை மட்டும்தான் வரும். மணிக்கட்டில் இருக்கும் தழும்பை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. இன்று டீக்கடையில் யாரோ காட்டிய வீடியோவில் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார்.

அவர் வந்தபோது நான் உளுந்தங்களியை இறக்கித் தரையில் வைத்து, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

வந்த வேகத்தில் அறைந்தார். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

“ஊர்ப்பய எல்லாம் உன் கையப் பாத்துக்கிட்டு இருக்கான்டி. அப்பன் துபாய்ல இருக்கான், கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?”

அம்மா குறுக்கே வந்தாள். “அவள விடுங்க தம்பி. நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

நான் வீடியோ போடுவதே அம்மாவுக்குத் தெரியாது.

அவளுக்கும் அறை விழுந்தது. என் போனைத் தரையில் அடித்து உடைத்தார். பிறகு களிச் சட்டியை எட்டி உதைத்தார். சூடான களி அவர் பாதத்தில் அப்பிக்கொண்டது. உதறினால் போகிற பொருளா அது? ஒற்றைக் காலில் குதித்தார். எனக்குச் சிரிக்கவும் பயம்.

அம்மாதான் அவர் காலில் தண்ணீர் ஊற்றினாள். அவர் கூடத்தில் போய்ப் படுத்த பிறகு, சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துக் கருப்பட்டியோடு எனக்கு ஊட்டினாள்.

“உதடு கிழிஞ்சிருக்கு, மெதுவா தின்னு. அடுத்தவாட்டி முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு எடு.”

அம்மாவின் போனில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். கூடத்தில் அவர் இருமும்போதெல்லாம் திரையை அணைத்துவிடுகிறேன்.

முழுக்கைச் சட்டையில் எண்ணெய் படாமல் களி கிண்ட வழி தெரிந்தவர்கள், அவர் எழுந்திருப்பதற்குள் சொல்லுங்கள்.