டொக்டரை இரண்டாம் தரம் கொன்ற கதை

மார்ச் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை. ஐந்து நாற்பதுக்கு எழும்பினேன். வாசலில் இரண்டு சென்ரிமீற்றர் பனி. தள்ளத் தேவையில்லாத அளவு. தள்ளாவிட்டால் மனைவி பேசுகிற அளவு. தள்ளினேன். இஞ்சித் தேநீர், இரண்டு துண்டு பாண், பிறஷர் குளிசை ஒன்று. வேலைக்கு லீவு என்பதால் பதினொன்றே காலுக்கு, ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு மரக்கறிக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் மல்லிகை மாலைகள் கட்டாகத் தொங்கின. ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். பிளாஸ்ரிக் பூவை மணக்கிற ஆளைக் கல்லாவில் நின்ற பிள்ளை ஒரு மாதிரித்தான் பார்த்தாள். புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தால் வருகிற அதே மணம். எனக்கு அது எம்லினை ஞாபகப்படுத்துகிற மணம்.

எம்லினைப் பற்றி உங்களுக்கு இதுவரை சொல்லவில்லை என்று நினைக்கிறேன். வேல்ஸ்காரர். அந்த ஊர் மொழியில் ஓடிய ஒரு தொலைக்காட்சித் தொடரில் பத்தொன்பது வருடம் இறைச்சிக்கடைக்காரனாக நடித்தவர். நான் கனடாவுக்கு வந்த புதிதில், அம்மாவோடு இருந்த அபார்ட்மென்ற் கட்டடத்தின் பதினோராம் மாடியில் அவர் தனியாக இருந்தார். பழக்கம் ஏற்பட்டது கீழே சலவை அறையில். எந்த மெஷினில் எத்தனை மணிக்கு உடுப்புப் போட்டேன் என்று நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதாவிட்டாலும் மெஷின் தன்பாட்டில் நிற்கும் என்பதில் எனக்கு இன்றுவரை முழு நம்பிக்கை இல்லை. அவர் எட்டிப் பார்த்து, நீ துப்பறிகிறவனா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மகள் இங்கே இருக்கிறாள் என்று ரொறன்ரோவுக்கு வந்தவர். வந்த எட்டாம் மாதம் மகள் வேலை மாறிக் கல்கரிக்குப் போய்விட்டாள். இவர் ஒரு ஹார்ட்வெயர் கடையில், வருகிறவர்களுக்கு ஆணி இருக்கிற தட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். நடிப்பை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நான் விடவில்லை. கொன்றுவிட்டார்கள்" என்றார்.

வழக்கம்போல ஒரு திங்கட்கிழமை ஸ்கிரிப்ட் வந்திருக்கிறது. தேநீர் குடித்தபடி வாசித்திருக்கிறார். பதினான்காம் பக்கத்தில் இறைச்சிக்கடைக்காரன் ஏணியில் ஏறினான். பதினைந்தாம் பக்கத்தில் மற்ற எல்லாரும் கறுப்பு உடுப்பில் நின்றார்கள். அவர் போய்ச் சேர அந்த மொழியில் வேறு தொடர் இருக்கவில்லை. அதில் செத்தவன் அந்த மொழியிலேயே செத்தவன் என்றார்.

எங்களுக்கும் அப்படி ஒரு தொடர் இருந்தது. சிவம் அண்ணையின் தொடர். கிழமை நாட்களில் விமான நிலையத்தில் ரக்சி ஓடுவார். சனிக்கிழமைகளில் தன் வீட்டு பேஸ்மென்ற்றில் படம் பிடிப்பார். ஞாயிறு நான்கு மணிக்குத் தமிழ் கேபிளில் போகும். எந்தக் காட்சியில் யாருக்கு என்ன நிறச் சேலை, மேசையில் எத்தனை கோப்பை என்று குறித்து வைப்பது என் வேலை. என்னைப் பிடிக்காதவர்கள் கொப்பிக்காரன் என்றார்கள். பிடித்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தொடரின் பெரிய தலையிடி கதாநாயகியின் செத்துப்போன தகப்பன். சுவரில் மாலை போட்ட படம் வேண்டும். படம் தர ஒருவரும் இல்லை. குடிகாரனாக, பெண்சாதிக்கு அடிக்கிறவனாக, கள்ளக் கடன் மட்டை அடிக்கிறவனாக எல்லாம் வெட்கமில்லாமல் நடித்த ஆட்கள் இந்த விஷயத்தில் பின்வாங்கினார்கள்.

"என்ன வேணுமெண்டாலும் செய்யிறன் அண்ணை. மாலை மட்டும் போடாதேங்கோ. வீட்டில மனிசி சோறு தராது."

கடைசியில் படத்துக்குப் பின்னால் கமெராவை வைத்து, அதைப் பார்த்து அழுகிற முகத்தை மட்டும் எடுத்தோம். ஒரு வருடம் முழுக்க ரொறன்ரோத் தமிழர் அந்தப் படத்தின் முதுகைப் பார்த்தார்கள்.

பிறகு கதைக்கு ஒரு வெள்ளைக்கார டொக்டர் தேவைப்பட்டது. நான் எம்லினைக் கூட்டிப்போனேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தன்னைக் கொல்லக் கூடாது. நான் மொழிபெயர்த்தேன்.

"டொக்டரை ஆரப்பா கொல்லுறது?" என்றார் சிவம் அண்ணை.

எம்லின் வசனங்களைத் தன் எழுத்தில் எழுதி, ஓசையாகப் பாடமாக்கினார். அர்த்தத்தை நான் சலவை அறையில் சொல்லிக்கொடுப்பேன். "பயப்பிடாதேங்கோ அம்மா, எல்லாம் சரிவரும்" என்பதுதான் அதிகம் வரும். எங்கள் குடும்ப டொக்டர் இன்றுவரை அந்தளவுகூடச் சொன்னதில்லை. இரண்டு மாதத்தில் கடைத்தெருவில் அன்ரிமார் அவரை மறித்து முழங்காலைக் காட்டத் தொடங்கினார்கள். அவர் குனிந்து பார்த்து அதே வசனத்தைச் சொல்வார். அந்த நாட்களில் அவருடைய நடையே மாறியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சிவம் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, வெள்ளைக்காரருக்கு உந்த மாலை கீலை ஒண்டும் பிரச்சினை இல்லைத்தானே?"

"அண்ணை, கொல்லக் கூடாதெண்டு முதலே கேட்டவர்."

"அது அப்ப. ஒருக்காலாவது ஒரு ஒழுங்கான மாலைக் காட்சி எடுக்கவேணுமடா. அவருக்கு அதில வசனமும் இல்லை. நீ வாய் திறக்காத."

அன்று பின்னேரமே எம்லினை ஒரு கதிரையில் இருத்தி, தலை வாரிவிட்டு, படம் எடுத்தார். எதற்கென்று எம்லின் கேட்கவில்லை. அடுத்த நாள் அவர் இல்லாத நேரத்தில் காட்சியை எடுத்தோம். ஒளிபரப்புக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அதற்குள் இரண்டு தரம் சலவை அறையில் அவரைச் சந்தித்தேன். இரண்டு தரமும் காலநிலையைப் பற்றி விரிவாகப் பேசினேன்.

ஞாயிறு வந்தது. வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா சுட்ட வடையோடு கதிரையில் இருந்தார். நான்கு மணி பன்னிரண்டுக்குத் திரையில் அவருடைய படம். பிளாஸ்ரிக் மல்லிகை மாலை, கீழே குத்துவிளக்கு. படத்தின் கண்ணாடியில் வைத்த சந்தனப் பொட்டு கொஞ்சம் வழுக்கி மூக்கில் நின்றது.

"கடவுளே, மனிசன் உயிரோட கதிரையில இருக்க உதென்ன கூத்து" என்று அம்மா எழும்பிப் போய், செத்தல் மிளகாய் கொண்டுவந்து அவர் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டா. புகை மணி அலறியது. நான் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினேன்.

சத்தம் நின்றதும் எம்லின் கேட்டார். "எப்படிச் செத்தேன்?"

"மாரடைப்பு."

"டொக்டருக்கா? கிட்டடியில் வேறு டொக்டர் ஒருவரும் இருக்கவில்லையா?"

மூன்றாவது வடையையும் சாப்பிட்டுவிட்டு மேலே போனார். உனக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

டொக்டர் செத்த முப்பத்தோராம் நாள் ஒரு கடைக்கார அன்ரி கணக்கு வைத்து, செத்தவருக்குப் படைக்கிற அந்தியேட்டிச் சாப்பாடு கட்டிக்கொண்டு கட்டட வாசலுக்கு வந்தா.

"அன்ரி, ஆள் உயிரோட இருக்கிறார்" என்றேன்.

"தெரியும் தம்பி. இது டொக்டருக்கு. அவருக்கு ஆர் இருக்கினம் செய்யிறதுக்கு?"

நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எம்லின் பதினொரு கறியையும் சாப்பிட்டார். சிவம் அண்ணை பிழையை உணர்ந்து, டொக்டருக்கு இரட்டைச் சகோதரன் இருப்பதாகக் கதையைத் திருப்பிப் பார்த்தார். எம்லின் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, ஜூன் மாதம் மகளிடம் கல்கரிக்குப் போய்விட்டார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, கடையில் மாலையை வாங்காமல் வீட்டுக்கு வந்து, சிவம் அண்ணைக்கு போன் எடுத்து அந்தத் தொடரின் வீடியோ ரேப்புகளைக் கேட்டேன்.

"அதுக்கு மேலதான் தம்பி பிள்ளையின்ர சாமத்தியவீட்டை எடுத்தனான். இப்ப அதைப் போட்டுப் பார்க்கவும் மெஷின் இல்லை."

அந்த கேபிள் நிலையம் இல்லை. பேஸ்மென்ற்றில் நான்கு மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அன்ரியின் கடை இருந்த இடத்தில் பல் டொக்டர். அம்மா போய் ஆறு வருடம். அவவின் படத்துக்கு மாலை போட யாரும் தயங்கவில்லை. எம்லின் தமிழில் பேசியதற்கு இந்த நகரத்தில் ஒரு துண்டுச் சாட்சியும் இல்லை. மிச்சம் என் கொப்பிதான். அந்த ஞாயிறைத் தேடி எடுத்தேன். "பனி மூன்று சென்ரிமீற்றர். வடை பதினாறு. எ. வந்தார்." இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் புதன்கிழமை, பல்கூட விளக்காமல், எம்லினின் மகள் ஒவ்வொரு நத்தாருக்கும் அனுப்புகிற அட்டையைத் தேடி எடுத்து, அதிலிருந்த இலக்கத்துக்கு போன் எடுத்தேன். இங்கே ஒன்பது மணி, அங்கே ஏழு. எம்லினே எடுத்தார். குரல் மெலிந்திருந்தது. சுகம் விசாரிக்காமல் விஷயத்தைச் சொன்னேன்: அந்தக் காட்சி ஒளிபரப்பாவதற்கு ஒன்பது நாளுக்கு முன்பே எனக்குத் தெரியும், சொல்லாமல் விட்டேன்.

"தலையை வாரிவிட்டபோதே எனக்கும் தெரியும்" என்றார். "அங்கேயும் கொல்வதற்கு முதல் கிழமை அப்படித்தான் வாரிவிட்டுப் படம் எடுத்தார்கள்."

"பிறகேன் அந்த ஞாயிறு வந்தீர்கள்?"

"முதல் தரம் செத்தபோது அறையில் தனியே இருந்து பார்த்தேன்" என்றார். "அது சரியில்லை. ஆட்களோடு இருந்து பார்க்க வேண்டும்."