ஹீட்டர் கம்பியில் அவள் விரல்

கரண்ட் என்றால் எனக்குச் சாவு பயம். வீட்டில் ஃபியூஸ் போனால்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. அரம் பிடிப்பேன், தகடு வளைப்பேன், மோட்டார் இருக்கிற மூலைக்கு மட்டும் போகமாட்டேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அப்படிப்பட்டவன் எழுபதுகளின் நடுவில், கோவில்பதாகை வாடகை வீட்டில், டிரான்சிஸ்டர் வைத்துக் கூவுகிற பெட்டி ஒன்று செய்தேன் என்றால், அது என் பெண்சாதியின் தொண்டைக்காக.

அவள் வெள்ளானூர்க்காரி, பாடுகிறவள். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அம்மன் பாட்டை அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்ற பெண்களுக்கு வாய் வரும். கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்தில் கழுத்துக்குள் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. வெறும் காற்றுதான் வரும். காதை வாயருகே கொண்டுபோனால்தான் என்ன சொல்கிறாள் என்று புரியும். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவாள்.

பழைய ஆர்மோனியம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நாலு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். "இதுல இழுக்க முடியல மாமா. கட்டைக்குக் கட்டை குதிக்குது. அம்மன் பாட்டு குதிக்குமா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரிதான், அந்தப் பாட்டு முழுக்க இழுவை.

பூந்தமல்லியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் என் பழைய கூட்டாளி. அவனிடம் புலம்பினேன். பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்து வைத்திருந்த படத்தைக் காட்டினான். இன்று சிந்தஸைசர் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அன்று எங்களுக்கு அது பேர் தெரியாத சாமான்.

"இதுக்குக் கட்டையே வாணாம் நைனா. ஒரு கம்பி இழுத்து கட்டிக்கோ. வெரல வெச்சு அழுத்திக்கினே தேச்சா, சத்தம் அப்படியே வழுக்கிக்கினு போவும். உள்ள கீற சமாச்சாரத்த நான் பாத்துக்கறேன். வெரல் வெக்கற எடத்த நீ பண்ணு."

விரல் வைக்கிற இடம் என்றால் அது என் தொழில். கை நீளத்துக்கு ஒரு தேக்குப் பலகை எடுத்தேன். அதன்மேல் பித்தளைப் பட்டை, அதற்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குல, உயரத்தில் ஹீட்டர் கம்பி. கரண்ட் அடுப்பின் சுருளை ஜன்னல் கம்பியில் கட்டி, இழுத்து இழுத்து நேராக்கினேன். கம்பியை அழுத்தினால் பட்டையைத் தொடும். தொட்ட இடத்துக்குத் தக்கபடி சத்தம் ஏறும், இறங்கும். பலகையின் இடது கோடியில், பட்டையோடு சேர்த்து முடுக்கி, பிடித்துக்கொள்ள இரும்புக் கைப்பிடி. காலுக்கு ஒரு மரக்கட்டை. அதிலிருந்து சைக்கிள் பிரேக் ஒயர் போய் வால்யூம் திருகைச் சுற்றும். காலை எடுத்தால் சத்தம் அடங்கும், மூச்சு வாங்குகிற மாதிரி. பெட்டிக்கு டார்ச் பாட்டரி போதும். அதுவரை எனக்குப் பயமே இல்லை.

சத்தம் வெளியே கேட்க வேண்டுமே. பாய் ஒரு பழைய வால்வு ரேடியோவைக் கொடுத்து, அதன் வழியாகக் கேட்கும்படி இணைத்தான். கொடுக்கும்போதே சொன்னான்: "இது டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டு. பிளக்க ஒரு பக்கமா சொருகுனா ஒண்ணும் ஆவாது. திருப்பி சொருகுனா ஊட்டு கரண்ட் மொத்தமும் ரேடியோ உள்ள கீற தகட்டுல வந்து நிக்கும். அப்புறம் உன் கம்பி வரிக்கும் வரும். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணுக்குச் சொல்லி வெச்சிக்கீறேன். அது வர்ற வரிக்கும் டெஸ்டர் வெச்சி பாக்காம யாரையும் தொட வுடாத."

வெறும் கம்பி, அதில் அவள் விரல். இனி அதில் வீட்டுக் கரண்ட் வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. ரெண்டு முள் பிளக்கில் மேல்பக்கம் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளி மேலே தெரியும்படி சொருகினால் சரி. சொருகிய பிறகும் விடமாட்டேன். டெஸ்டரின் நுனியைக் கம்பியிலும் என் விரலை அதன் தலையிலும் வைத்துப் பார்ப்பேன். உள்ளே விளக்கு எரியவில்லை என்றால்தான் தலையாட்டுவேன். பட்டறையில் இருக்கும்போது அவளாகவே சொருகிவிடுவாளோ என்று பிளக்கை ஒயரோடு கழற்றி டிபன் பையில் போட்டு எடுத்துப் போனதும் உண்டு. "பயந்தாங்கொள்ளி," என்று காற்றில் சொல்லிச் சிரிப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. அன்று எந்தச் சாமானையும் தொட்டு வேலை செய்யக்கூடாது. எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். அரம், சுத்தி, ஸ்குரூ டிரைவர், டெஸ்டர், பலகை, ரேடியோ என்று ஒன்றையும் விடவில்லை. மறுநாள் விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் நிலைக்கும் நாள். தலைக்குக் குளித்து, தரையைக் கழுவிவிட்டு, ஈரம் காய்வதற்குள் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மன் பாட்டின் முதல் அடியை அன்று பிடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே துடிப்பு.

பிளக்கை எடுத்தேன். சிவப்புப் புள்ளி மேலே இருந்தது. சொருகினேன். ரேடியோ சூடாகிற வரை காத்திருந்து, டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன். விளக்கு எரியவில்லை. தலையாட்டினேன். அவள் இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, கட்டையில் கால் வைத்து, விரலைக் கம்பியில் அழுத்தினாள்.

சத்தம் எழும்பியது. ஆடாமல் அசையாமல் ஒரே சுரம். அடேயப்பா, எடுத்த எடுப்பில் என்ன பிடிப்பு என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இத்தனை நாள் கழித்து அவள் பாடுகிறாள்.

சுரம் நகரவே இல்லை. பாட்டு அப்படிப் போகாதே என்று திரும்பினேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் முழுசாகத் திறந்திருந்தது. ஈரத் தரையில் ஊன்றியிருந்த மறு கால் வெடவெடவென்று ஆடியது. கைப்பிடியில் கை ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா தாயே என்று பாய்ந்து ஒயரைப் பிடித்து இழுத்தேன். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது, சத்தம் அறுந்தது, அவள் சரிந்தாள்.

அவள் மார்பில் காதை வைத்தேன். என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்டது. வாயருகே காதை வைத்தேன். காற்று வந்தது. அந்தக் காற்றில் மெதுவாகச் சொன்னாள்: "கத்துனேன் மாமா. கத்திக்கினேதான் இருந்தேன்."

பிறகுதான் பார்த்தேன். பிளக்கின் மேல் பக்கம் என் பெயிண்ட், கீழ்ப்பக்கம் அவள் வைத்த குங்குமம். இரண்டு பக்கமும் சிவப்பு. நான் குங்குமத்தை மேலே வைத்துச் சொருகியிருக்கிறேன். டெஸ்டரின் நுனியிலும் தலையிலும் சந்தனம் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. அது எங்கே எரியும்? சாமிக்கு என்று செய்ததில் யாரைக் கோபித்துக்கொள்வது?

அன்றே சுத்தியை எடுத்தேன். பலகையை ரெண்டாகப் பிளந்து அடுப்பில் வைத்துவிட வேண்டும் என்று இருந்தது. உள்ளங்கை வெந்து துணி சுற்றியிருந்ததால் அவளால் தட்டிக் கூப்பிட முடியவில்லை. எழுந்து வந்து பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். குனிந்து காதைக் கொடுத்தேன். "இத ஒடச்சிட்டா நான் எதுல கத்தறது?" என்றாள். சுத்தியைக் கீழே வைத்தேன்.

விஷயம் தெரிந்த பாய், எங்கெங்கோ அலைந்து டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாட்டினான், பிளக்கைத் திருப்பித் திருப்பிச் சொருகினான், கம்பியைத் தன் விரலாலேயே தடவிக் காட்டினான். "பாரு நைனா, ஒண்ணும் இல்ல. இனிமே கரண்ட் உள்ள வராது." அவன் சொன்னது உண்மைதான். என் புத்திக்கு அது தெரியும், கைக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆடியில் கோயில் வாசலில் வைத்து வாசித்தாள். நான் பிளக் பக்கத்தில் குந்தியிருந்தேன். பாட்டின் நடுவில் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தினாள். என் கை தானாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டது. கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவள் கோபிக்கவில்லை. விரலை எடுத்து எனக்கு ஆட்டிக் காட்டினாள், பார், உயிரோடுதான் இருக்கிறேன் என்கிற மாதிரி. மறுபடி சொருகினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆடி வாசித்தாள். குரல் இருந்தபோது பாடியதைவிட இது உருக்குகிறது என்று தெருவில் சொல்வார்கள். கேட்டவர்கள் அழுதார்கள் என்றும் சொல்வார்கள். இருக்கலாம். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் விரல் நகர்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.