நான் கொடுத்த பாஸ் எல்லாம் அவருக்கே

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு மாதம், ஒரு கைபேசி விளையாட்டை நான் திட்டிய மாதிரி யாரையும் திட்டியதில்லை. உதைபந்தாட்ட விளையாட்டு. என் கைபேசியில் நான், அவர் கைபேசியில் என் வீட்டுக்காரர். வலப்பக்கம் என் ஆள் ஒருவன் சும்மா நிற்பான். அவனைப் பார்த்துத்தான் பாஸ் பட்டனை அழுத்துவேன். பந்து இடப்பக்கம் உருண்டு போய் அவருடைய ஆளின் காலடியில் நிற்கும். தாரை வார்த்துக் கொடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விளையாட்டுதானே என்று விடவும் முடியாது. அதற்கு முந்தின வருஷம் தலைத் தீபாவளிக்குக் கொஸ்லந்தவில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போனோம். அடுத்தது புருஷன் வீட்டில்தான் என்பது எங்கள் நமுனுகுல பக்கத்தில் எழுதாத சட்டம். அம்மா அங்கே தனி. அழுது பார்த்தேன், முகத்தைத் தூக்கி வைத்தும் பார்த்தேன். கடைசியில் அவர், "தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கெழம ஒரு மேட்ச் ஆடுவோம். நீ ஜெயிச்சா ஒங்க வீடு, நான் ஜெயிச்சா இங்கதான்" என்றார்.

எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு நடுச்சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். பந்தயம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. வரிசையின் கடைசி வீட்டில், அந்தக் கடைசிக் காம்பராவில் இருக்கும் மாமியாருக்கும்தான்.

அந்த ஞாயிறு மத்தியானம் நல்ல மழை. ஆளுக்கு ஒரு கோல்.

"யாரு புள்ள முன்னுக்கு?" என்றார் அடுத்த வீட்டு அக்கா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"சமம்க்கா!"

"பக்கத்துல நிக்கிறவனுக்கே குடு புள்ள."

பந்தைக் கண்ணால் பார்க்காத அக்காவுக்கு இருக்கிற புத்தி அந்த விளையாட்டுக்கு இல்லை. பக்கத்தில் நின்றவனுக்குத்தான் கொடுத்தேன். பந்து மறுபடியும் அவருடைய ஆளிடம் போனது. நேரம் முடியப்போகிறது. அம்மா தனியாகப் பலகாரம் சுடுவதை நினைத்தேன், கண் கலங்கிவிட்டது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் ஆளைத் திருப்பினார். பந்து அவருடைய கோலுக்குள்ளேயே போய் விழுந்தது.

"ஐயோ, பாஸ் மாறிப் போச்சே!" என்று கூரை அதிரக் கத்தினார். "அம்மா, இந்த கேம்ல பாஸே சரியில்லம்மா!"

சுவர் சுவராகச் செய்தி போனது. பாஸ் மாறிப் போச்சாம், கொஸ்லந்தவுக்குப் போறாங்களாம். கடைசிக் காம்பராவிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "அந்தப் புள்ள ஒரு மாசமா அதத்தானே சொல்லிக் கத்துது! சரி, போயிட்டு வாங்க."

என் வீட்டுக்காரர் அழுத்தியது பாஸ் பட்டன் இல்லை, கோலுக்கு அடிக்கிற பட்டன். ஒரு மாதமாக அந்த இரண்டையும் தேய்த்தவளுக்குத் தெரியாதா? அழுகுணி ஆட்டம் என்று சொன்னால் திரும்ப ஆட வேண்டிவரும். எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும்.