மூன்று சக்கர வண்டியும் என் மகளின் பத்தாம் வகுப்பும்

எனக்கு ஒரு குணம் உண்டு. யார் யாரைக் கேள்வி கேட்டாலும் பதிலை நான் சொல்லிவிடுவேன். காரிமங்கலம் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் எனக்கு வேலை. காலையில் கேனோடு வருகிறவர்களிடம் "மாடு எப்படி இருக்குது?" என்று கேட்பேன். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் மாட்டுக்கு என்ன தீவனம் வைக்க வேண்டும் என்பதுவரை நானே சொல்லி முடித்திருப்பேன். என் கணவர் குடும்பம் வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். கல்யாணமான புதிதில் அவரிடம் நான் கற்றுக்கொண்ட முதல் கன்னட வார்த்தை "சும்னிரு". பேசாமல் இரு என்று அர்த்தம். கற்றுக்கொண்டதோடு சரி, கடைப்பிடித்ததில்லை.

எங்கள் ஒரே மகளுக்கும் என் வாய்தான். வகுப்பில் பாடத்தை ஒருமுறை காதால் கேட்டால் போதும், வீட்டுக்கு வந்து ஆசிரியரின் இருமல் உட்பட அப்படியே ஒப்பிப்பாள். ஆனால் புத்தகத்தைத் திறந்து ஒரு வரி படிக்கச் சொன்னால், படித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். எழுதினாலோ பாதி எழுத்து இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

சின்ன வகுப்பிலேயே ஒரு டீச்சர் காரணம் கண்டுபிடித்தார். "வூட்ல கன்னடம், வெளிய தமிழு, ஸ்கூல்ல இங்கிலீஷு. பாப்பா கொழம்பிப் போச்சுங்க" என்றார். அன்றே வீட்டில் கன்னடத்துக்குத் தடை போட்டேன். என் கணவருக்குத் தமிழில் கோபப்படத் தெரியாது. ஒரு மாதம் மனிதர் வாயை மூடிக்கொண்டு டெம்போ ஓட்டினார். "சும்னிரு" என்று சொல்ல ஆள் இல்லாத அந்த மாதத்தில் நான் பேசிய பேச்சை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். மகளின் எழுத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில்தான் விஷயம் தெரிந்தது. பள்ளிக்கு அவ்வப்போது வரும் சிறப்பாசிரியர் ஒருவர் இவளைக் கவனித்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார். சோதித்துப் பார்த்து, கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். தருமபுரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நான் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டு வந்தேன். அவளோ ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டாள்: "அப்படின்னா நான் மக்கு இல்லதானேம்மா?" இத்தனை வருஷம் அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தச் சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியைப் படித்துக் காட்டுவார், இவள் சொல்லும் பதிலை எழுதுவார். கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. ஆனால் பள்ளிதான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் கெடு முடிவதற்குள். தலைமையாசிரியர் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தானம்மா பேசுது? இதுக்கு என்ன கொறை?" என்றார். அடுத்த மூச்சிலேயே, "பாஸாவறது கஷ்டம். டிசி வாங்கிக்கிட்டுப் போயி டுடோரியல்ல சேத்துடுங்க" என்றார். குறையும் இல்லை, பாஸும் ஆகாது! வாசலில் தேர்ச்சி விகிதத்தை ஆளுயரப் பலகையில் எழுதி வைத்திருப்பவர் அவர். என் மகள் அந்தப் பலகைக்கு ஒரு கீறல், அவ்வளவுதான்.

சும்மா விடுவேனா? அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கக் கிளம்பினேன். மனு நாளில் ஆபீஸுக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் பிடித்தவர் அதில் மூத்தவர். "என்னா மனு? மாற்றுத்திறனாளியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் பேனா பாதிப் பக்கம் போய்விட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக என்னைப் பேசவிடாத ஓர் ஆளைப் பார்த்தேன். எழுதியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். "வறுமையின் கோரப் பிடியில் வாடும் அபலைத் தாயாகிய நான்" என்று வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இவ்வளவு கஷ்டப்படுகிறேன் என்று எனக்கே அதுவரை தெரியாது. கண்ணீரோடு கண்ணீராக இரண்டாம் பக்கத்தைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் பதில் வந்தது. மகளுக்கு மூன்று சக்கர வண்டி வழங்க அளவெடுக்க வேண்டும், முகாமுக்கு அழைத்து வரவும். என் மகள் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கியவள். மரத்தடிக்கு ஓடினேன். "மாற்றுத்திறனாளி மனுன்னா வண்டியும் சேத்துக் கேட்டு வெக்கறதுதாம்மா. கேட்டு வெச்சா என்னா, வந்தா வரட்டுமே?" என்றார் பெரியவர், அமைதியாக. தேர்வு விஷயத்தை இரண்டாம் பக்கத்தில் கடைசி வரியில் வைத்திருந்தார். கேட்ட வண்டிக்கு ஏற்பாடு ஆகிவிட்டதால் மனு தீர்ந்ததாகவும் போனில் செய்தி வந்துவிட்டது. என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகள் "அதுல பெல்லு இருக்குமாம்மா?" என்று கேட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. விண்ணப்பிக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று சொன்னவர், பால் ஊற்ற வருகிற ஒரு அக்கா. மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த வக்கீலம்மா என்னைவிட வயதில் சின்னவர். சான்றிதழைப் படித்தார், வண்டிக் கடிதத்தைப் படித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு மகளைப் பார்த்து, "உனக்கு எங்க கண்ணு கஷ்டமா இருக்குது?" என்றார். நான் பதில் சொன்னேன். "பரீட்சையில என்ன உதவி வேணும்?" என்றார். அதற்கும் நான்தான் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு நான் வாயெடுத்ததும் கேட்டார்: "ஏம்மா, பரீட்சை நீங்களா எழுதப் போறீங்க?"

மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இது யாரும் போடற பிச்சை இல்லைங்க, சட்டத்துல இருக்குது. கெஞ்ச வேணாம். ஸ்கூலுக்கு நான் நோட்டீஸ் அனுப்பறேன். கூடவே பொண்ணும் ஒரு கடிதம் வெக்கட்டும். அவ சொல்லட்டும், நீங்க எழுதுங்க" என்று வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டினார் வக்கீலம்மா.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். மகள் சொன்னாள்: "எனக்குப் பதிலு தெரியும்." நான் எழுதினேன். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தால், அவள் தாளையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் மூணு வார்த்தைதான் சொன்னேன். நீ மூணு வரி எழுதியிருக்கிறே. படிச்சுக் காட்டு."

படித்தேன். "தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து வணங்கி, ஏதுமறியாத இச்சிறுமி கண்ணீருடன் சமர்ப்பிப்பது" என்று இருந்தது.

"நான் எப்பம்மா அழுதேன்? நான் சொல்றத எழுது. நீ நெனைக்கறத எழுதாத."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மரத்தடிப் பெரியவரை ஊரெல்லாம் திட்டித் தீர்த்தவள் நான். அவராவது ஒரு மனுவில்தான் செய்தார். நான் பதினைந்து வருஷமாக இவளுக்கு மூன்று சக்கர வண்டி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கி வந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். எனக்குப் பதில் தெரியும். கேள்வியைப் படிக்கத்தான் நேரமாகிறது. படித்துக் காட்டி, நான் சொல்வதை எழுத ஒருவர் வேண்டும். டுடோரியலுக்குப் போக மாட்டேன். அவ்வளவுதான் கடிதம்.

நோட்டீஸ் போன இரண்டாம் நாள் தலைமையாசிரியர் போன் செய்தார். "இதுக்குப் போயி வக்கீல் வரைக்கும் போவணுமாம்மா? நாமளே பேசித் தீத்துக்கலாமே" என்றார். பள்ளி திறந்த நாளிலிருந்து வேறென்ன செய்துகொண்டிருந்தேனாம்! ஆனாலும் கெடு முடிவதற்குள் விண்ணப்பித்தார். ஹால் டிக்கெட் வருவதற்கு முந்தைய வாரம் அனுமதியும் வந்தது.

முதல் பரீட்சை அன்று அவளுக்குத் தனி அறை. எழுத வந்திருந்தவர் வேறு பள்ளி ஆசிரியை. வராந்தாவில் அவரை மடக்கி, "டீச்சர், இவ அவசரத்துல கொஞ்சம் மாத்திச் சொல்லுவா, நீங்கதான் பாத்து..." என்று ஆரம்பித்தேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "சும்னிரும்மா."

இருந்தேன். பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில், பக்கத்தில் நின்ற அம்மாக்கள் பேச்சுக் கொடுத்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துக் கடைசி ஆளாக வெளியே வந்தாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"நான் சொன்னத அப்படியே எழுதினாங்கம்மா. தப்பாச் சொன்னதக்கூட."